குழாயில் வந்த கூற்றுவன்

பொதிகையிலே பிறந்து, பாபநாசத்திலே துள்ளிக் குதித்து, நெல்லைச் சீமையின் வயல்களுக்கெல்லாம் பச்சைப் பட்டு உடுத்திவிட்டு வரும் தாமிரபரணி, கடைசியிலே கடலிடம் தன்னை ஒப்படைக்கும் இடம் புன்னைக்காயல். மேட்டிலே உள்ள ஊருக்கு ஆறு தருவது நீர். கடைக்கோடியிலே உள்ள ஊருக்கு வந்து சேருவதோ, மேட்டிலே உள்ள அத்தனை ஊரும் குளித்தது போக, துவைத்தது போக, கழுவியது போக, மிச்சம்!

2023 டிசம்பரிலே பக்கத்து ஊரான காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டித் தீர்த்ததே, நினைவிருக்கிறதா? தாமிரபரணி கரை புரண்டது. புன்னைக்காயலைத் தண்ணீர் சூழ்ந்தது. வெள்ளம் நிற்கும்போது ஓர் அச்சம். வெள்ளம் வடிந்த பிறகு வேறோர் அச்சம். சாக்கடையும் குடிநீரும் கை கோத்துக்கொண்ட பிறகு, வீட்டுக்குள்ளே நுழைவது யார்? வாந்திபேதி! காலரா!

அந்தக் கரைக்கு அந்த அச்சம் புதிதல்ல. முத்துச்சலாபம் நடந்த காலத்தைக் கேட்டுப் பாருங்கள். தூத்துக்குடிக் கரையிலும், எதிர்க்கரையாம் இலங்கையின் சிலாவத்துறையிலும் மரிச்சுக்கட்டியிலும், சலாபம் என்றவுடனே மணல்வெளி ஒரே வாரத்தில் பட்டினமாகும். குளியாட்கள் ஆயிரக்கணக்கில் வருவர். சம்மாட்டிகள், வணிகர்கள், தரகர்கள், கடை விரிப்போர், கையேந்துவோர் எல்லோரும் வருவர். கரை நெடுகச் சிப்பி அழுகும், ஈ மொய்க்கும், குடிப்பதற்கோ நாலைந்து ஊற்றுக் கிணறுகள். நாலு நாளில் ஒருவன் வாந்தி எடுப்பான். மறுநாள் பத்துப் பேர். அதற்கு மறுநாள் பாடை கட்ட ஆள் கிடைக்காது! முத்தும் வேண்டாம், பணமும் வேண்டாம் என்று தோணிகள் பாய் விரித்து ஓடும். சலாபம் பாதியில் கலையும்.

இதிலே ஒரு வேடிக்கை. குளியாளைச் சுறா கடிக்காமல் இருக்க மந்திரம் ஓத, கடல்கட்டி என்றொருவர் உண்டு. அவருக்குப் படியளந்தது யார் தெரியுமா? விஞ்ஞானம் படித்த வெள்ளைக்கார சர்க்கார்! சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் இருந்தது. வாந்திபேதியைக் கட்ட அந்தக் கடல்கட்டியிடமும் மந்திரம் இல்லை. அவருக்குச் சம்பளம் கொடுத்த கலெக்டரிடமும் மருந்து இல்லை.

நல்ல உள்ளங்கள் இல்லாமல் இல்லை. 16-ஆம் நூற்றாண்டிலேயே, போர்த்துக்கீசியரான ஹென்றிக் ஹென்றிக்கஸ் அடிகளார், தமிழ் கற்று, தமிழிலே நூல் அச்சிட்ட அந்த மனிதர், இதே புன்னைக்காயலில் ஏழைகளுக்கென ஒரு மருத்துவமனை எழுப்பினார். பாயில் படுக்க வைத்தார். பாலும் கஞ்சியும் கொடுத்தார். ஆனால் நோய் எங்கிருந்து வருகிறது? அவருக்கும் தெரியாது, அன்று அவனியில் எவருக்கும் தெரியாது. தெரியாத இடத்திலே தெய்வத்தை உட்கார வைத்தார்கள். இங்கே மாரி, காளி. வங்காளத்திலே இந்துவுக்கு ஓலாதேவி, முஸ்லிமுக்கு ஓலாபீபி. நோய்க்கு மதமில்லை என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்! தாது வருடப் பஞ்சத்திலே, 1877-லே, சென்னை மாகாணத்தில் பசி தின்றது போக மிஞ்சியவரை லட்சக்கணக்கில் காலரா தின்றது. ஆடு வெட்டினர், தேர் இழுத்தனர், சப்பரம் தூக்கினர். காலரா கேட்கவில்லை.

அந்த முடிச்சை அவிழ்த்தவன் கதையைத்தான் இன்று சொல்லப் புகுந்தேன். ராபர்ட் கோக்! பெயரைப் பள்ளிப் புத்தகத்திலே ஒரு வரியாகப் படித்திருப்பீர்கள். எலும்புருக்கிக் கிருமியைக் கண்டவர் என்று ஒரு மதிப்பெண்ணுக்காக எழுதியிருப்பீர்கள். அந்த ஒரு வரிக்கு வெளியே நிற்கும் மனிதனைப் பார்ப்போம்.

1843 டிசம்பர் 11. ஜெர்மனியில் ஹார்ட்ஸ் மலைச் சாரலிலே கிளவ்ஸ்தால் என்ற சுரங்க ஊர். தந்தை சுரங்க அதிகாரி. வீட்டிலே பிள்ளைகள் பதின்மூன்று. அந்தக் கூட்டத்தில் ஒருவன் ராபர்ட். கையிலே கிடைத்த செய்தித்தாளை வைத்துக்கொண்டு தானே படிக்கக் கற்றவன் என்பார்கள். காட்டிலே பூச்சி பொறுக்குவான், பாசி சேர்ப்பான், உலகத்தைச் சுற்றி வர வேண்டும் என்று கனவு காண்பான். கோட்டிங்கன் பல்கலைக்கழகத்திலே மருத்துவம் படித்து 1866-லே பட்டம் பெற்றான். அந்த ஆண்டே ஹாம்பர்க் மருத்துவமனையில் சிறிது காலம் வேலை. அப்போது அங்கே காலரா. இளம் டாக்டர் பார்த்தார்; செய்ய வழி ஒன்றுமில்லை. அந்த ஹாம்பர்க்கை மனத்திலே இருத்திக்கொள்ளுங்கள், தோழர்களே; மறுபடியும் அங்கே போக வேண்டியிருக்கிறது.

திருமணம், ஒரு பெண் குழந்தை, ஊர் ஊராக மாற்றம், 1870 போரிலே படை மருத்துவம் என்று ஆண்டுகள் ஓடின. 1872-லே வோல்ஸ்டைன் என்ற சிற்றூருக்கு வட்டார மருத்துவராகப் போய்ச் சேர்ந்தார். அந்த ஊர் இன்று போலந்து நாட்டில் இருக்கிறது. பல்கலைக்கழகம் கிடையாது, நூலகம் கிடையாது, பேசித் தெளிய ஒரு விஞ்ஞானி கிடையாது. நோயாளிகளைப் பார்க்கும் அறையிலே குறுக்கே ஒரு திரை; திரைக்கு இந்தப் பக்கம் இருமலும் காய்ச்சலும்; அந்தப் பக்கம் ஓர் உருப்பெருக்கியும் கூண்டு நிறைய எலிகளும். அந்த உருப்பெருக்கி மனைவி எம்மி பிறந்த நாளுக்கு வாங்கித் தந்தது என்பார்கள். தந்த பிறகு கணவன் திரைக்கு அந்தப் பக்கமே குடியிருந்ததைப் பார்த்து அந்த அம்மையார் எத்தனை நாள் வருந்தினாரோ!

அந்த வட்டாரத்திலே ஆட்டையும் மாட்டையும் அடைப்பான் நோய் அடித்துக்கொண்டிருந்தது. காலையிலே மேயப் போன மாடு மாலையிலே செத்து விழும். இரத்தம் கருத்துக் கிடக்கும். மண்ணின் சாபம் என்றான் குடியானவன். கோக் அந்தக் கறுப்பு இரத்தத்தில் ஒரு துளியை மரச்சிம்பின் நுனியிலே தொட்டு எலிக்கு ஏற்றினார். எலி செத்தது. அதன் உடலிலிருந்து இன்னோர் எலிக்கு, அதிலிருந்து மற்றொன்றுக்கு. ஒவ்வொன்றிலும் அதே குச்சிக் கிருமி. மாட்டுக் கண்ணின் நீரிலே அதைத் தனியே வளர்த்தார். உணவு வற்றினால் அது விதைபோல் உறங்கி மண்ணிலே ஆண்டுக் கணக்கில் கிடப்பதையும் கண்டார். மண்ணின் சாபம் என்ன என்று விளங்கிவிட்டது. 1876-லே, எலிகளையும் கண்ணாடிச் சில்லுகளையும் மூட்டை கட்டிக்கொண்டு பிரெஸ்லாவ் நகரத்துப் பேராசிரியர்கள் முன்னே போய் நின்றார். நாட்டுப்புறத்து டாக்டர் என்ன காட்டப் போகிறார் என்று வந்தவர்கள், மூன்று நாள் இருந்து பார்த்துவிட்டு வாய் மூடிப் போனார்கள்.

1880-லே பெர்லின் அழைத்தது. அரசாங்கச் சுகாதார அலுவலகத்திலே ஆய்வுக்கூடம், உதவியாளர்கள், நாற்காலி, மேசை. இங்கேதான் ஒரு நுட்பம். தொழிலாளித் தோழர்கள் இதைச் சற்றுக் கவனிக்க வேண்டும். தொழில் நுட்பம் தெரிந்தவர்களுக்குத்தான் இதன் அருமை புரியும்.

கஞ்சித் தண்ணீரிலே கிருமி வளரும். ஆனால் எல்லாக் கிருமியும் ஒன்றாகக் கலந்து வளரும். திருவிழாக் கூட்டத்திலே திருடன் எவன், பக்தன் எவன் என்று எப்படிப் பிரிப்பது? கோக் கூட்டத்தைக் கலைத்தார். வெட்டி வைத்த உருளைக்கிழங்கின்மீது விழுந்த கிருமி ஒவ்வொன்றும் விழுந்த இடத்திலேயே குடும்பம் பெருக்கி, தனித்தனிப் புள்ளியாக நிற்பதைப் பயன்படுத்தினார். நீரிலே கலந்து திரிந்தவன், திடமான தரையிலே தனி வீடு கட்டிக்கொண்டு தன் முகவரியைத் தானே காட்டிக்கொடுத்தான்! கிழங்கு போதவில்லை. ஜெலட்டின் என்ற கூழைப் பயன்படுத்தினார். சூட்டிலே அது உருகியது. உருகாத கூழ் எது? ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஹெஸ்ஸே என்பவரின் மனைவி ஃபானி சொன்னார், தம் சமையலறையிலிருந்து. ஜாவாவில் வாழ்ந்த குடும்பத்தாரிடம் அவர் கற்றது: கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகர். பழக்கூழ் இறுகுவதற்கு அவர் போடுவது அதுதான்.

அன்று தொட்டு இன்று வரை, உலகத்தில் எந்த மூலையிலே எந்த ஆய்வுக்கூடம் கிருமியைத் தேடினாலும் அந்த அகர்மீதுதான் வளர்க்கிறது. அந்த அகர் எடுக்கும் பாசி எங்கே விளைகிறது? நம் மன்னார் வளைகுடாவிலும் விளைகிறது, தோழர்களே! மரிக்கொழுந்துப் பாசி என்றும் கஞ்சிப் பாசி என்றும் பெயர் சொல்லி, இராமநாதபுரம் கடற்கரைப் பெண்கள் மூச்சைப் பிடித்து மூழ்கி, கை கீறப் பறித்து, மூட்டை கட்டிக் கரைக்குக் கொண்டு வருகிறார்களே, அதுதான். ஃபானியின் பெயரைக் கோக் தம் கட்டுரையிலே போடவில்லை. பாசி பறிக்கும் நம் பெண்களின் பெயரை மட்டும் எவன் போடப் போகிறான்!

1882 மார்ச் 24. எலும்புருக்கியின் கிருமியைப் பிடித்துவிட்டதாகக் கோக் பெர்லினில் அறிவித்தார். அன்றைய ஐரோப்பாவிலே சாகிறவர் ஏழு பேரில் ஒருவரை எலும்புருக்கி கொண்டுபோயிற்று. பேசி முடித்தபோது கைதட்டல் இல்லை, கேள்வியும் இல்லை, அவை அப்படியே உறைந்துபோய் இருந்ததாம். அதைப் பற்றித் தனியே எழுதலாம். நமக்கு இன்று வேண்டியது அடுத்த ஆண்டு.

1883-லே எகிப்திலே காலரா. பிரான்சு ஒரு குழுவை அனுப்பிற்று. ஜெர்மனி கோக்கின் தலைமையில் ஒரு குழுவை அனுப்பிற்று. போரிலே ஒருவரையொருவர் வெட்டிக்கொண்ட இரண்டு நாடுகள், அலெக்சாந்திரியாவிலே போட்டி போட்டுக்கொண்டு ஒரே எதிரியைத் தேடின. செப்டம்பரிலே பிரெஞ்சுக் குழுவின் துய்லியே, முப்பது வயதுகூட நிரம்பாத இளைஞன், காலராவுக்கே பலியானான். ஜெர்மானியர் வந்து மலர்வளையம் வைத்தனர். சவப்பெட்டியைச் சுமந்தவரில் கோக்கும் ஒருவர். எகிப்திலே நோய் தணிந்துவிட்டது. தடயம் கையில், குற்றவாளியோ தப்பி ஓட்டம். காலராவின் பிறப்பிடத்துக்கே போகிறேன் என்று கோக் கப்பலேறினார். கல்கத்தாவிலே இறங்கிய நாள் 1883 டிசம்பர் 11. அவருடைய நாற்பதாவது பிறந்த நாள்!

மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலே இடம் கொடுத்தார்கள். காலராவில் இறந்தவர்களின் குடலை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். காற்புள்ளிபோல் வளைந்த கிருமி, ஒன்று தப்பாமல் எல்லாவற்றிலும். வேறு நோயிலே இறந்தவனிடம் அது இல்லை. 1884 பிப்ரவரியிலே பெர்லினுக்கு அறிக்கை போயிற்று.

குடலிலே கண்டது பாதி வெற்றி. குடலுக்குள்ளே வந்த வழி எது? கல்கத்தாவின் புறத்தே பெலியாகட்டாவிலே ஒரு குளம். குளத்தைச் சுற்றிக் குடிசைகள். அந்தக் குளத்திலேதான் குளிப்பு, அதிலேதான் துவைப்பு, அதிலேதான் பாத்திரம் கழுவல், குடிக்க மொண்டு போவதும் அதிலேதான். காலரா அந்தக் குடிசைகளிலே மட்டும் சூறையாடிற்று. முதலில் செத்தவனின் துணியை அந்தக் குளத்திலே அலசியிருக்கிறார்கள் என்று விசாரணையில் தெரிந்தது. கோக் அந்த நீரை மொண்டு வந்து ஜெலட்டின்மீது தெளித்தார். முளைத்தது அதே காற்புள்ளி! ஓலாதேவியின் கோவத்தை ஒரு கண்ணாடித் தட்டிலே பிடித்து வைத்துவிட்டார் மனிதர்.

நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். அந்த வளைந்த கிருமியை 1854-லேயே இத்தாலியிலே பாசினி என்பவர் கண்டு எழுதியிருந்தார். எவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதே 1854-லே, காலரா குடிநீரிலே வருகிறது என்பதை இலண்டனிலே ஜான் ஸ்னோ தெருத் தெருவாக அலைந்து, வீடு வீடாகக் கணக்கெடுத்து நிலைநாட்டினார். அவர் கையிலே கணக்கு இருந்தது, கிருமி இல்லை. பாசினியிடம் கிருமி இருந்தது, கணக்கு இல்லை. கோக் இரண்டையும் ஒரே தட்டிலே வைத்தார்.

ஜெர்மனி ஒரு லட்சம் மார்க் பரிசளித்து வரவேற்றது. பிரிட்டன்? நம்மை ஆண்ட பிரிட்டன் என்ன செய்தது? இல்லை என்று சாதித்தது! ஏன்? கேளுங்கள் கணக்கை. சூயஸ் கால்வாய் வழியே பம்பாய்க் கப்பல் போகிறது. பஞ்சும் கோதுமையும் தேயிலையும் போகிறது. காலரா மனிதனோடு பயணம் செய்யும் கிருமி என்று ஒப்புக்கொண்டால், கப்பலை நிறுத்திச் சோதிக்க வேண்டும். நிறுத்தினால் நாள் போகும். நாள் போனால் இலாபம் போகும். அதற்கு முன்பிருந்தே, இந்தியாவின் சுகாதார ஆணையர் கன்னிங்காம், காலரா ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதே இல்லை என்று சாதித்துவந்தார். 1884-லே இலண்டன் இரண்டு நிபுணர்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பிற்று. அந்தக் காற்புள்ளி காலராவுக்குக் காரணமல்ல என்று அவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். இலண்டனில் ஒரு மருத்துவக் குழு கூடி ஆமாம் போட்டது. சரக்குக் கப்பல் தடையின்றிப் போயிற்று. நம் நாட்டுச் சடலங்கள் தடையின்றிச் சுடுகாட்டுக்குப் போயின. கோயில் பூசாரி மட்டும்தான் அறிவுக்கு எதிரி என்று நினைத்துவிடாதீர்கள். கோட்டும் தொப்பியும் போட்ட பூசாரியும் உண்டு!

இனி ஹாம்பர்க்.

1892 ஆகஸ்ட். ஜெர்மனியின் பெரிய துறைமுகம். ஆட்சியிலே யார்? வணிகர்கள், வீட்டுச் சொந்தக்காரர்கள். வாக்குரிமை பணம் உள்ளவனுக்கு. ஊருக்குக் குடிநீர் எல்ப் ஆற்றிலிருந்து, வடிகட்டாமல், அப்படியே. குழாயைத் திறந்தால் விலாங்கு மீன் வருமாம். குழாய்க்குள்ளே வாழும் உயிரினங்களைப் பற்றி ஒருவர் ஆராய்ச்சிக் கட்டுரையே எழுதியிருந்தார்! மணல் வடிகட்டி கட்டலாம் என்று பல ஆண்டுகளாகப் பேசினார்கள். செலவு யார் தலையிலே என்று அதே பல ஆண்டுகள் சண்டையும் போட்டார்கள். ஓட்டியே இருக்கும் அல்டோனா, ஹாம்பர்க்கை விட ஏழை ஊர், தொழிலாளர் ஊர். அது ஹாம்பர்க்கின் சாக்கடை கலந்த பிறகு வரும் ஆற்றிலிருந்து நீர் எடுத்தது; ஆனால் மணலிலே வடிகட்டிக் கொடுத்தது.

வந்தது காலரா. முதலிலே மூடி மறைத்தார்கள். கப்பல் போக்குவரத்து கெடுமாம்! ஆகஸ்ட் 24-லே கோக் வந்து இறங்கினார். துறைமுகத் தொழிலாளிகள் வாழ்ந்த இருண்ட சந்துகளை, காற்றும் வெளிச்சமும் நுழையாத வீடுகளைப் பார்த்தார். கல்கத்தாவைப் பார்த்த கண், ஐரோப்பாவில்தான் நிற்கிறோமா என்று ஐயம் கொண்டது. பள்ளிகளை மூடச் சொன்னார். கொதித்த நீரை வண்டிகளிலே ஏற்றித் தெருத் தெருவாகக் கொடுக்கச் சொன்னார். நீரைக் காய்ச்சுங்கள் என்று மக்களுக்குச் சொல்ல வேண்டும். யார் போய்ச் சொல்வது? அந்தச் சந்துகளுக்குள்ளே அரசாங்கத்துக்கு வழி தெரியாது. வழி தெரிந்தவர்கள் சமதர்மக் கட்சித் தொண்டர்கள்; சில ஆண்டுகளுக்கு முன்புவரை தடைச் சட்டம் போட்டு வேட்டையாடப்பட்டவர்கள். அவர்களிடமே ஆட்சி துண்டு அறிக்கைகளைக் கொடுத்தது. அவர்கள் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். கழகத் தோழர்கள் இந்த இடத்தை இரண்டு முறை படிக்கலாம்.

சில வாரங்களில் ஹாம்பர்க்கிலே 8,600 பேர் மாண்டனர். வருமானம் குறையக் குறையச் சாவு கூடியது. பக்கத்து அல்டோனாவில் மாண்டவர் சொற்பம். இரு ஊருக்கும் எல்லை ஒரு தெரு. தெருவின் ஒரு சிறகு ஹாம்பர்க். எதிர்ச் சிறகு அல்டோனா. காற்று ஒன்று, மண் ஒன்று, மழை ஒன்று, மாதா கோயில்கூட ஒன்று. குழாய் மட்டும் வேறு. காலரா அந்தத் தெருவின் ஒரு சிறகிலே வந்து நின்றுவிட்டது! அதைவிட வியப்பு: ஹாம்பர்க் எல்லைக்குள்ளே ஒரு தொழிலாளர் குடியிருப்பு, ஏதோ வசதிக்காக அல்டோனாவின் குழாயிலிருந்து நீர் வாங்கிக்கொண்டிருந்தது. சுற்றிலும் சாவு; அந்த முற்றத்திலே நோய் இல்லை. எந்த ஆய்வுக்கூடமும் திட்டமிட்டு இதைவிடத் தெளிவான சோதனை நடத்தியிருக்க முடியாது. 1893-லே ஹாம்பர்க் வடிகட்டியைக் கட்டி முடித்தது. பல ஆண்டுகளாக இல்லாத பணம், பிணங்களுக்குப் பிறகு எங்கிருந்தோ வந்துவிட்டது.

அப்போதும் ஒருவர் ஒப்பவில்லை. மூனிக்கின் முதுபெரும் பேராசிரியர் பெட்டன்கோஃபர்; மண்ணிலிருந்துதான் காலரா கிளம்புகிறது என்ற கொள்கைக்காரர். கிருமி வளர்த்த குழம்பை வரவழைத்து, 1892 அக்டோபரில், எழுபதைத் தாண்டிய வயதிலே மடக்கென்று குடித்துக் காட்டினார்! சிறிது பேதியோடு பிழைத்தும் கொண்டார். வீரம்தான், வணங்கலாம். ஆனால் வயிற்றிலே அமிலம் மிகுந்தவன் பிழைப்பான், நோஞ்சான் சாவான் என்பதைத் தவிர அந்த வீரம் எதையும் நிரூபிக்கவில்லை. அல்டோனாவின் தெரு பெட்டன்கோஃபரின் கிண்ணத்தை வென்றுவிட்டது.

கோக்கைத் தேவனாக்கி மாலை போட நாம் வரவில்லை. தேவர்களை இறக்கிவிட்ட இயக்கம் நம்முடையது. 1890-லே எலும்புருக்கிக்கு மருந்து கண்டுவிட்டேன் என்று அறிவித்தார். டியூபர்குலின் என்று பெயர். அதிலே என்ன இருக்கிறது என்பதை முதலில் மறைத்தார். நோயாளிகள் பெர்லினுக்கு ரயிலேறி ஓடி வந்தனர். மருந்து நோயைத் தீர்க்கவில்லை, சிலரைத் தீர்த்துவிட்டது. பின்னாளில் நோய் உண்டா இல்லையா என்று சோதிக்க அது பயன்பட்டது என்பது வேறு கதை. 1906, 1907-லே கிழக்கு ஆப்பிரிக்காவில் உறக்க நோய்க்கு ஆர்சனிக் கலந்த அடாக்சில் மருந்தை அளவு கூட்டி ஏற்றினார். சிலருக்குப் பார்வையே பறிபோயிற்று. பெர்லின் நோயாளியிடம் அப்படித் துணிந்திருப்பாரா? கறுப்பு மனிதனின் உடல் ஐரோப்பிய விஞ்ஞானத்துக்கு மலிவாகத் தெரிந்தது. கோக்கும் அந்தக் குற்றத்துக்கு வெளியே நின்றவரல்லர்.

ஆனால் ஜெர்மன் சுரங்கத் தொழிலாளிக்கு அவர் செய்த ஒன்றைச் சொல்லாமல் போனால் அதுவும் தவறு. 1901-லே ரூர் நிலக்கரிச் சீமையில் கெல்சென்கிர்ஷன் ஊரிலே டைபாய்டு. 3,000 பேருக்கு மேல் படுத்தனர், நூற்றுக்கணக்கில் மாண்டனர். விசாரிக்க வந்தார் கோக். நீர் விற்ற நிறுவனத்தின் குட்டு வெளிப்பட்டது. வடிகட்டிய நீர் போதாத நாளிலே, ஒரு குழாயைக் கமுக்கமாக ஆற்றுக்குள் விட்டு, ரூர் ஆற்றின் பச்சை நீரைக் கலந்து விற்றிருக்கிறார்கள்! நிலக்கரி வெட்டிக் கறுத்த கை காசு கொடுத்து வாங்கிக் குடித்தது அந்த நீரை. 1904-லே வழக்கு நடந்தது. கோக் சாட்சி சொன்னார். தண்டனை? அபராதம். நூற்றுக்கணக்கான உயிருக்கு அபராதம்!

அதற்குப் பிறகு அவர் டைபாய்டை ஊர் ஊராகத் துரத்தும் திட்டம் ஒன்றை ஜெர்மனியின் மேற்கு எல்லையிலே நடத்தினார். நோய் வந்தபின் மருந்து கொடுப்பதோடு நிற்காமல், ஆய்வுக்கூடமே ஊருக்குப் போயிற்று. வீட்டுக்கு வீடு சோதனை. நோயே இல்லாதவன்போல் நடமாடிக் கிருமியைப் பரப்புகிறவனையும் கண்டுபிடித்தல். இன்று ஓரிடத்திலே உணவிலோ நீரிலோ நஞ்சு கலந்து நோய் பரவினால், மாதிரி எடுப்பதும், பட்டியல் போடுவதும், எங்கே சாப்பிட்டாய், எந்தக் குழாய் என்று கேட்பதும், கிருமியை வளர்த்து ஒப்பிடுவதும் அந்த வழியிலே வந்தவைதாம்.

1905-லே நோபல் பரிசு. 1910 மே 27-லே பாடன்பாடன் என்ற ஊரில், இதய நோயால் மறைந்தார். அவருடைய சாம்பல் பெர்லினிலே அவர் நிறுவிய நிலையத்திலேயே வைக்கப்பட்டிருக்கிறது.

கல்கத்தாவின் அந்தக் கணக்கிலே ஒரு பாக்கி இருந்தது. காற்புள்ளிக் கிருமி எப்படி ஒரு மனிதனின் உடல் நீரையெல்லாம் சில மணி நேரத்தில் கறந்துவிடுகிறது? விலங்குகளிலே அந்த நோயை உண்டாக்கிக் காட்டக் கோக்கால் முடியவில்லை. 75 ஆண்டு கழித்து, 1959-லே, கல்கத்தாவிலேயே சம்புநாத் தே, முயலின் குடலைக் கட்டி வைத்துச் சோதித்து, கிருமி கக்கும் நஞ்சுதான் கொலைகாரன் என்று காட்டினார். வங்கத்துச் சிற்றூரில் ஓர் எளிய குடும்பத்திலே பிறந்தவர். வெளிநாட்டு விஞ்ஞானிகள் கொண்டாடினார்கள். 1985-லே அவர் மறையும்வரை டில்லிக்கு அவர் பெயர் தெரியவில்லை. காலராவுக்கான தேசிய ஆய்வு நிலையம் இன்று இருக்கும் இடம் எது தெரியுமா? அதே பெலியாகட்டா!

நம் பக்கம் வருவோம். கிண்டியிலே கிங் நிலையம், நூற்றாண்டைத் தாண்டியும் குடிநீரைச் சோதித்து வருகிறது. 1992-லே சென்னையிலும் மதுரையிலும் காலராபோலவே ஒரு நோய் பரவியபோது, அது பழைய காலராக் கிருமியல்ல, அதுவரை உலகம் காணாத புது வகை என்று ஆய்வுக்கூடங்கள் கண்டன. 139 என்று எண்ணிட்டார்கள் அதற்கு. 2022 ஜூலையிலே காரைக்காலில் வாந்திபேதி பரவிச் சுகாதார அவசரநிலையே அறிவிக்க நேர்ந்தது. ஆய்வில் தெரிந்தது காலரா. வந்த வழி குடிநீர். கோக் கல்கத்தாவிலே கண்டு சொல்லி 138 ஆண்டு ஆகியிருந்தது!

கடற்கரைத் தோழர்களுக்கு ஒரு சொல் தனியாக. காலராக் கிருமியின் இயற்கை வீடு ஆறும் கடலும் கலக்கும் உவர்நீர் என்று பின்னாளில் தெரிந்திருக்கிறது. அதன் உறவுக்காரன் ஒருவன் 1950-லே ஜப்பானின் ஒசாகாவிலே, அரைகுறையாகக் காய்ந்த பொடி மீனிலே ஏறி வந்து 272 பேரைப் படுக்க வைத்தான். 20 பேரைக் கொன்றான். புஜினோ என்ற ஆய்வாளர் அவனைப் பிடித்தார். மீன் குற்றவாளி அல்ல. நன்றாக வெந்த மீனிலே அவன் பிழைப்பதில்லை.

கடைசியாக, மறுபடியும் ஹாம்பர்க். 2011 மே மாதம், அதே ஊரை மையமாகக் கொண்டு வட ஜெர்மனியிலே இரத்தபேதி. சிறுநீரகம் செயலற்று மருத்துவமனைகள் நிரம்பின. ஏறத்தாழ 3,800 பேர் நோயுற்றனர். 50-க்கு மேல் மாண்டனர். துப்பறிய இறங்கியது பெர்லினில் கோக் நிறுவிய அதே நிலையம். இன்று அதற்கு அவர் பெயர்தான். முதலிலே ஸ்பெயின் நாட்டு வெள்ளரிக்காய்மேல் பழி விழுந்தது. ஸ்பெயின் குடியானவன் விளைச்சலைக் குப்பையிலே கொட்டி அழுதான். வெள்ளரியிலே இருந்தது வேறு கிருமி என்று ஆய்வுக்கூடம் காட்டியபிறகுதான் அவனுக்கு விடுதலை. நோயுற்றவர்கள் உணவு விடுதிகளில் எதை எதை உண்டார்கள் என்று தட்டுத் தட்டாகக் கணக்கெடுத்தார்கள். கணக்கு ஒரு பண்ணையின் முளைகட்டிய தானியத்திலே போய் நின்றது. அங்கிருந்து பின்னோக்கிப் போனால், ஒரு மூட்டை வெந்தயம். நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியிலே இருக்கிறதே, அந்த வெந்தயம்தான்! நாம் வறுக்கிறோம், குழம்பிலே கொதிக்க வைக்கிறோம்; அவர்கள் முளைகட்டிப் பச்சையாகத் தின்றார்கள். அந்த நாட்டு வெந்தயத்துக்கு ஐரோப்பா ஜூலையிலே தடை போட்டது. எந்த நாடு? 1883-லே கோக் காலராவைத் தேடி முதன்முதலாகப் போய் இறங்கிய எகிப்து.